போகாதே, வராதே: எல்லைக் கதைகளில் சேரி எங்கே?

1

எல்லையை மூடினால் நம்ம ஊரில் கவிதை திறந்துகொள்கிறது. 2025 ஏப்ரல் 22ஆம் தேதி பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் இந்திய அரசு அட்டாரி சோதனைச் சாவடியை மூடுவதாக அறிவித்தது. முறையான அனுமதியோடு போனவர்கள் வந்தவர்கள் மே 1க்குள் அந்த வழியாகத் திரும்பிவிட வேண்டும் என்றது. ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் பக்கத்தில் வாகாவை மூடியது, வணிகத்தை நிறுத்தியது, வான்வழியை அடைத்தது. மே 7ல் குண்டு விழுந்தது. மே 10ல் சண்டை நின்றது. இந்த நாட்களில் தமிழில் எழுதிக் குவித்ததை எடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டே வகைதான் தேறும். ஒன்று, அடி, நொறுக்கு, விடாதே என்கிற வகை. இன்னொன்று, பறவைக்கு ஏது பாஸ்போர்ட், காற்றுக்கு ஏது விசா என்கிற வகை.

முதல் வகையோடு பேச ஒன்றும் இல்லை. செத்தவனுக்காக அழத் தெரியாதவன்தான் அடுத்தவனைச் சாகச் சொல்லுவான். என் சண்டை இரண்டாவது வகையோடு. ஏனென்றால் அதை எழுதுகிறவர்கள் நம்ம தோழர்கள். நம்ம கூட்டத்துக்கு வருகிறவர்கள், நம்ம பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவர்கள். போர் வேண்டாம் என்று அவர்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. நானும் அதைத்தான் சொல்கிறேன். கேள்வி வேறே. பறவையை யாரும் கக்கூஸ் கழுவக் கூப்பிடுவதில்லை. காற்றை யாரும் மூட்டை தூக்கச் சொல்வதில்லை. எல்லை என்பது மனுசனை மனுசனிடமிருந்து பிரிக்கிற கோடு என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டால், அந்தக் கோட்டை யார் சுமந்தான், யாரைக் கோட்டுக்கு வெளியே வைத்தான், யாரைக் கோட்டைத் தாண்டவிடாமல் பிடித்து வைத்தான் என்கிற கேள்விகள் எல்லாம் காணாமல் போய்விடுகின்றன. இந்தக் கேள்விகளோடு எல்லைக் கதைகளைத் திரும்ப வாசிக்கலாம் என்பதுதான் இங்கே என் முயற்சி.

நான் கும்மிடிப்பூண்டிக்காரன். சிப்காட்டில் காண்ட்ராக்ட் கூலியாகப் பதினோரு வருஷம் இருந்தவன். வடக்கே போனால் எளாவூர் சோதனைச் சாவடி, அப்புறம் ஆரம்பாக்கம், அதைத் தாண்டினால் ஆந்திரா. எங்க பக்கத்தில் எல்லை என்பது பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை. லாரி நிற்கிற இடம். 2020ல் ஊரடங்கு போட்டபோது, ஜி.என்.டி. ரோட்டில் மூட்டையும் குழந்தையுமாக வடநாட்டு ஜனங்க வெய்யிலில் நடந்து போனதைப் பார்த்த ஊர் இது. நாட்டுக்குள்ளேயே எல்லை மூடும் என்பது எங்களுக்கு அப்போதே தெரியும்.

2

எல்லை என்கிற சொல்லை முதலில் நம்ம ஊரிலிருந்தே பிடிக்க வேண்டும். எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுதிகளில் பறையர் பற்றிய பகுதியில் ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. இரண்டு ஊருக்கு எல்லைத் தகராறு வந்தால் பறையரைக் கூப்பிட்டு, தலையில் தண்ணீர்க் குடத்தை வைத்து நடக்கச் சொல்லுவார்கள். அவர் நடந்த தடம்தான் எல்லை. ஊர் எல்லை அவருக்குத்தான் அத்துப்படி என்று நம்பினார்கள். வெட்டியானும் தலையாரியும் எல்லைக்கல் எங்கே புதைந்திருக்கிறது என்று சொன்னால் மணியக்காரனே கேட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்திருக்கிறது.

இதை நம்ம பெருமையாகச் சொல்லுகிறவர்கள் உண்டு. ஆதிக்குடி, மண்ணின் மைந்தன் என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். காட்டட்டும். ஆனால் குடத்தை இறக்கி வைத்த பிறகு அந்த ஆள் எங்கே போனான் என்று கேட்க வேண்டாமா? ஊருக்குள்ளேயா போனான்? அவன் கோடு போட்டுக் கொடுத்த ஊருக்கு வெளியே இருந்த சேரிக்குத்தான் போனான். எல்லையைச் சுமந்தவனுக்கு எல்லைக்குள் வீடில்லை, நிலமில்லை. எங்க திருவள்ளூர் அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லாவில் சேர்ந்தது. அந்த ஜில்லா கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891ல் எழுதிய அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும், குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லாமல் பறையர்கள் கிடந்த கிடப்பு. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் பஞ்சமி நிலம் வந்தது. வந்த நிலம் எங்கே போச்சு என்பது வேறே கதை. அதைக் கேட்டதற்காக 1994ல் காரணையில் துப்பாக்கிச் சூடு வாங்கியவர்கள் நம்ம ஆட்கள்.

இன்னொன்று. எங்க மாவட்டமே எல்லைப் போராட்டத்தில் பிறந்தது என்று மேடையில் சொல்லுவார்கள். ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. அந்தப் போராட்டத்தைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது, சிலை இருக்கிறது, விழா இருக்கிறது. ராஜ்யம் மாறிய அன்றைக்குத் திருத்தணிச் சேரிகளில் என்ன மாறியது என்று எழுதின ஒரு பக்கத்தை நான் இதுவரை படித்ததில்லை. எல்லை நகர்ந்தது. சேரி, ஊருக்கு எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையிலேயே இருந்தது.

3

இப்போது இலக்கியத்துக்கு வருவோம். வாகா எல்லை என்றாலே எழுதுகிறவர்கள் கை தானாகப் போகிற இடம் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்'. பிரிவினைக்குப் பிறகு இரண்டு நாடும் பைத்தியக்கார ஆஸ்பத்திரி நோயாளிகளை மாற்றிக்கொள்கின்றன. பிஷன் சிங் என்கிற சீக்கியர் தன் ஊர் இந்தியாவிலா பாகிஸ்தானிலா என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கடைசியில் இரண்டு நாட்டுக்கும் சொந்தமில்லாத துண்டு மண்ணில் விழுந்து சாகிறார். பெரிய கதை. நாடு என்கிற பித்தை இதைவிடச் சுருக்கமாகக் கிழித்தவர் யாருமில்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் பிஷன் சிங் யார்? அவர் நிலக்கிழார். டோபா டேக் சிங்கில் அவருக்கு நிலம் இருந்தது என்று கதையே சொல்லுகிறது. ஊர் எங்கே என்கிற கேள்வி அவரைப் பைத்தியமாக அடிப்பதற்கு அடியில், ஊர் தன்னுடையது என்கிற நிச்சயம் இருக்கிறது. அந்த நிச்சயம் ஒரு காலத்திலும் இல்லாதவன் எல்லையில் நின்றால் என்ன கேட்பான்? உன் ஊர் எது என்று கேட்டால் நம்ம பாட்டன் ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டு, கூடவே 'காலனி' என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. டோபா டேக் சிங்கின் சேரியில் இருந்தவன் அந்தக் கதையில் இல்லை. மண்ட்டோமீது இதைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை. அந்தக் கதையை உலகத்துக்கெல்லாம் பொதுவான எல்லைச் சோகமாக ஆக்கி, எல்லாருடைய துக்கமும் இதுதான் என்று நம்ம தலையில் கட்டுகிற விமர்சகர்களைத்தான் சொல்லுகிறேன்.

பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' நாவலில் நம்ம ஆள் இருக்கிறான். நாவல் அவனோடுதான் தொடங்குகிறது. நத்து, தோல் தொழில் செய்கிற சாதி. கால்நடை டாக்டருக்கு வேண்டும் என்று சொல்லி முராத் அலி என்கிறவன் ஐந்து ரூபாய் கொடுத்து ஒரு பன்றியைக் கொல்லச் சொல்லுகிறான். நத்து ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்டிக் கொல்லுகிறான். விடிந்து பார்த்தால் பன்றி மசூதிப் படியில் கிடக்கிறது. ஊர் பற்றி எரிகிறது. தன் கையால் நடந்தது இது என்று தெரிந்து நத்து உள்ளுக்குள் நடுங்குகிறான். அப்புறம் நாவல் அவனை விட்டுவிட்டுக் காங்கிரஸ்காரர்கள், முஸ்லிம் லீக், குருத்வாரா, வெள்ளைக்கார அதிகாரி என்று போய்விடுகிறது. கோவிந்த் நிஹலானி டெலிவிஷனுக்கு எடுத்தபோது நத்துவையும் அவன் மனைவியையும் கடைசிவரை கூட்டிக்கொண்டு போனார். ஓம் புரியின் முகத்தை யாரும் மறந்திருக்க முடியாது. நாவலில் அது இல்லை.

நாவலின் முடிவைக் கவனியுங்கள். கலவரம் ஓய்ந்த பிறகு அமைதிப் பேருந்து ஒன்று கிளம்புகிறது. அதில் உட்கார்ந்து ஒற்றுமைக் கோஷம் போடுகிறவன் அதே முராத் அலி. அவனை அடையாளம் காட்டக்கூடிய ஒரே ஆள் நத்து. நத்து அதற்குள் செத்துப் போயிருக்கிறான். எப்படிச் செத்தான் என்பதற்குக்கூட நாவலில் இடமில்லை.

சமாதானக் கவிதை படிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்தப் பேருந்துதான் ஞாபகத்துக்கு வருகிறது. சாஹ்னி நம்மை விட்டுவிட்டார் என்று கோபித்துக்கொள்ளலாம். நான் அதை வேறே மாதிரி வாசிக்கிறேன். அமைதி பேசுகிறவர்கள் கூட்டத்தில் தீ வைத்தவனும் உட்கார்ந்திருப்பான், அவனைத் தெரிந்தவன் கூலிக்கு வேலை செய்த சேரிக்காரன்தான், அவன் வாய் திறப்பதற்குமுன் கதை முடிந்துவிடும் என்று அந்த நாவல் தெரிந்தோ தெரியாமலோ சொல்லிவிட்டது. தலித் எழுத்து தொடங்க வேண்டிய இடம் நத்து செத்துப்போன அந்த இடம்.

4

எழுதப்படாத பிரிவினைக் கதை ஒன்றைச் சொல்லுகிறேன். இது கற்பனை இல்லை, வரலாறு.

1947ன் கடைசியில் சிந்துவிலிருந்து இந்துக்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பணக்காரன் போனான், வக்கீல் போனான், வியாபாரி போனான். கராச்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் கிளம்பியபோது மட்டும் அரசு வழியை மறித்தது. அவர்கள் செய்வது அத்தியாவசியச் சேவை, விட்டுப் போகக் கூடாது என்று சட்டம் வந்தது. பாகிஸ்தானில் இந்தியாவின் முதல் ஹை கமிஷனராக இருந்த ஸ்ரீ பிரகாசா இதைப் பாகிஸ்தான் பிரதமரிடம் எடுத்துப் பேசியதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர்கள் போய்விட்டால் கராச்சியின் தெருவையும் கக்கூசையும் யார் கழுவுவது என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதிலின் சாரம்.

அம்பேத்கர் சும்மா இருக்கவில்லை. 1947 நவம்பரில், பாகிஸ்தானில் மாட்டிக்கொண்ட தாழ்த்தப்பட்டவர்கள் எப்படியாவது இந்தியாவுக்கு வந்துவிட வேண்டும் என்று அறிக்கை விட்டார். டிசம்பரில் நேருவுக்குக் கடிதம் எழுதினார். நம் மக்களை வெளியேறவிடாமல் அங்கே தடுக்கிறார்கள் என்பது அவர் புகார். மறுபக்கம் ஜோகேந்திரநாத் மண்டல், வங்காளத்து நாமசூத்திரர், பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சராகவே உட்கார்ந்திருந்தார். 1950 அக்டோபரில் ராஜினாமா செய்துவிட்டுக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். இரண்டு நாட்டுக்கும் சட்ட அமைச்சர் தலித். இரண்டு நாட்டிலும் தலித்துக்கு எல்லையில் சொந்த வழி இல்லை.

இதைப் படித்துவிட்டுப் பாகிஸ்தான்காரன் அப்படித்தான் என்று யாராவது சொன்னால் அவருக்கு ஒரு தேதி சொல்லுகிறேன். 1957 ஜூலை 31. டெல்லியில் வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளர்கள்மேல் போலீஸ் சுட்டது, ஒருத்தர் செத்தார். அவர் நினைவாகத்தான் வடக்கே அந்த நாளைத் துப்புரவுத் தொழிலாளர் தினமாக வைத்திருக்கிறார்கள். இன்னும் கிட்டத்தில் வேண்டுமா? அட்டாரி மூடிய அதே 2025ல், ஆகஸ்ட் 13 ராத்திரி, ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்த சென்னைத் தூய்மைப் பணியாளர்களைப் போலீஸ் வண்டியில் அள்ளிக்கொண்டு போனது. கொரோனாவில் கால் கழுவிப் பூப்போட்ட கைகள் எங்கே போயின?

ஆக, எல்லை மூடுவதில் இரண்டு ஜாதி உண்டு. வராதே என்று மூடுவது ஒன்று. போகாதே என்று மூடுவது இன்னொன்று. பகை நாட்டுக்காரனைப் பார்த்து வராதே என்பார்கள். நம்மைப் பார்த்துத்தான் போகாதே என்பார்கள். நம்ம கவிஞர்களுக்கு முதலாவது மட்டும்தான் தெரிகிறது. போகாதே என்பது அன்புச் சொல் மாதிரி இருப்பதால் அதில் இருக்கிற விலங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை.

அட்டாரியிலேயே பாருங்கள். 2007ல் லாரி போக அனுமதிக்கும்வரைக்கும் அந்த வெள்ளைக் கோட்டில் இந்தப் பக்கத்துக் கூலி தலைமூட்டையைக் கொண்டுபோய் நிற்பான், அந்தப் பக்கத்துக் கூலி தன் தலையில் வாங்கிக்கொள்வான். ஒருத்தன் கால் கோட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு நாட்டு வணிகமும் இரண்டு தலைகளுக்கு நடுவே நடந்தது. புல்வாமாவுக்குப் பிறகு 2019ல் இருநூறு சதவீத வரி, அப்புறம் வணிகமே நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுமைக்கூலிகள் பிழைப்பு இழந்தார்கள். ஆப்கானிஸ்தான் சரக்கு மட்டும் கொஞ்சம் வந்துகொண்டிருந்தது, 2025ல் அதற்கும் அடி விழுந்தது. அந்த ஆண்டு நவம்பரில் குரு நானக் பிறந்தநாளுக்குச் சீக்கிய யாத்ரீகர்கள் போகக் கதவைத் திறந்தார்கள். திறந்தது நல்லதுதான். கும்பிடப் போகிறவனுக்குத் திறந்த கதவு மூட்டை தூக்குகிறவனுக்குத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது முழுச் செய்தி.

5

பஞ்சாபைப் பற்றி நமக்கென்ன என்று கேட்பவர்களுக்காக நம்ம கடலுக்கு வருகிறேன்.

புதுமைப்பித்தன் 1935ல் எழுதிய 'துன்பக்கேணி'யில் மருதி என்கிற சேரிப் பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அந்தக் கதையின் குறைநிறைகளைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசியாகிவிட்டது. நான் ஒரே ஒரு விஷயத்தைக் காட்டுகிறேன். மருதி போகிற வழியில் எல்லை என்று எதுவும் அவளை நிறுத்தவில்லை. ஆள் பிடிக்கிறவன் இருக்கிறான், கப்பல் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மண்டபம் முகாமில் கூலிகளை நாள்கணக்கில் அடைத்து வைத்து, நோய் இருக்கிறதா என்று உடம்பைச் சோதித்து அனுப்பினார்கள். நீ எந்த நாட்டான் என்று யாரும் கேட்கவில்லை. கூலிக்கு ஆள் வேண்டியிருந்தபோது கடல் வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிப்போனது.

1948ல் இலங்கை சுதந்திரமடைந்தது. அந்த வருஷமே குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கினார்கள், மறு வருஷம் ஓட்டையும் பறித்தார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974ல் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே அந்த மரியாதைகூட இல்லை. இந்த ஜனத்தில் பெரும்பகுதி யார்? பறையர், பள்ளர், சக்கிலியர். காவிரிக்கரை மிராசுதாரரின் பேரப்பிள்ளைகளாக இருந்திருந்தால் இப்படி எண்ணிக் கொடுத்திருப்பார்களா என்று கேட்கிறேன்.

1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை முழுங்கியது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போனது. அந்தக் கப்பலில்தான் அந்த ஜனங்கள் தகரப்பெட்டியோடு வந்து இறங்கினார்கள். 1984ல் சண்டை முற்றியதும் கப்பல் நின்றது. தமிழில் எல்லை மூடியது என்றால் நாம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது பழைய உறவு புதுப்பிக்கப்பட்டது என்று எழுதினார்கள். யாருடைய உறவு? தகரப்பெட்டிக்காரர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கத்துச் சேரியை எழுதியவர் கே. டானியல். 1972ல் 'பஞ்சமர்' எழுதினார். யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடையிலும் கோயிலிலும் நுழைய நம்மவர்கள் அடிபட்டதை எழுதினார். 1986ல் தஞ்சாவூரில் இறந்தார், அங்கேயே அடக்கம். ஈழம் என்றால் இங்கே மேடை அதிர்கிறது. தஞ்சாவூர் மண்ணில் ஒரு யாழ்ப்பாணத்துத் தலித் எழுத்தாளர் படுத்திருக்கிறார் என்று அந்த மேடைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

6

இப்போது எங்க ஊர். சிப்காட் பக்கத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம். 1990ல் வந்தவர்களும், அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள். 2021ல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்கிற பேரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1500, மற்றப் பெரியவர்களுக்கு 1000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்த்தியது. வீடு கட்ட ஒதுக்கியது. மறுக்கவில்லை. ஆனால் கணக்கெடுப்பு அன்றைக்கு ஆள் நேரில் நிற்க வேண்டும். வெளியூர் வேலைக்குப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கியூ பிராஞ்சுக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது.

அங்கே ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். பெயிண்டர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். ஒருநாள் டீக்கடையில் டிவியில் வாகா எல்லையைக் காட்டியபோது சொன்னார்: "தம்பி, நான் பொறந்தது பண்டாரவளப் பக்கம் தோட்டத்துல. எழுபத்தேழு கலவரத்துல அடிச்சுத் தொரத்துனாங்க, வவுனியாவுக்கு வந்தோம். தொண்ணூறுல படகேறி இங்க வந்தோம். அங்க எங்கள கள்ளத்தோணின்னான். இங்க கேம்ப்காரன்கிறான். எங்க தாத்தா இந்தத் தமிழ்நாட்டுலேருந்துதான் போனாரு. எந்தச் சேரின்னு கேட்டு வெச்சுக்கல. கேட்டு வெச்சிருந்தா மட்டும் இன்னா, உள்ள விட்ருவானுங்களா?"

முப்பத்தஞ்சு வருஷத்தில் எங்க ஊர் 'இன்னா' அவர் வாயில் ஏறிவிட்டது. குடியுரிமை ஏறவில்லை. 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, திருச்சி முகாமிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் 65 பேர் போட்ட வழக்கில், இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று ஒதுக்க முடியாது, மனுவை எடுத்துப் பரிசீலியுங்கள் என்று சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் மத்திய அரசு குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடு மட்டும். முஸ்லிமும் இல்லை, இலங்கையும் இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்க மாட்டோம் என்று உத்தரவு வந்தது. தண்டிக்க மாட்டார்களாம். குடிமக்கள் ஆக்குவதைப் பற்றி அதில் பேச்சில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாகிஸ்தான்காரனுக்குக் கொடுக்கிறாய், எங்களுக்கு இல்லையா என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சில் நாம் சேரக் கூடாது. சிந்துவிலிருந்து வருகிற இந்துக்களில் பெரும்பாலும் மேக்வார், பீல், கோலி. பண்ணையில் கொத்தடிமையாகக் கிடந்தவர்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தானியரை எல்லாம் வெளியே போ என்றபோது, நீண்டகால விசா வைத்திருந்த இந்தப் பாகிஸ்தான் இந்துக்களுக்கு அது பொருந்தாது என்று விட்டார்கள். விட்டது சரி. அவர்களும் நம்ம ஜனம். அவர்களுக்குக் கிடைப்பதைப் பிடுங்கு என்று கேட்பதில்லை நம்ம அரசியல்.

7

கடைசியாக, எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். சிப்காட்டில் இன்றைக்கு வேலை செய்கிறவர்களில் ஒரிசா, பிகார், அசாம், வங்காளத்து ஆட்கள் ஏராளம். தகரக் கொட்டகையில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர். 2025 மேக்குப் பிறகு நாட்டின் பல பகுதிகளில் வங்காளம் பேசுகிற கூலிகளைப் பங்களாதேஷ்காரன் என்று பிடித்தார்கள், சிலரை எல்லைக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கம் தள்ளினார்கள். அந்தப் பேச்சு எங்க ஊருக்கும் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தி, "நீ பங்களாதேஷாடா? ஆதார எட்றா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆதார் காண்ட்ராக்டரிடம் இருக்கிறது என்று அவன் திக்கித் திக்கிச் சொன்னான். கேட்டவர்கள் யார்? எங்க சேரிப் பசங்க. கையில் நீலக் கயிறு கட்டினவனும் அதில் இருந்தான்.

அந்த வங்காளத்துப் பையன் முஸ்லிமோ நாமசூத்திரனோ தெரியாது. நாமசூத்திரனாக இருந்தால் அவன் பாட்டன், ஜோகேந்திரநாத் மண்டலை நம்பி அந்தப் பக்கம் தங்கி, பிறகு அகதியாக வந்து, தண்டகாரண்யத்தில் தள்ளப்பட்டவனாக இருப்பான். அங்கிருந்து மரிச்ஜாப்பிக்கு வந்தவர்களை 1979ல் இடதுசாரி அரசின் போலீஸ் தீவைச் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டு விரட்டியது. முஸ்லிமாக இருந்தால் அவனுக்கு நேர்வது இன்னும் சீக்கிரம் நேரும். எதுவானாலும் அவன் செய்கிற வேலையைத்தான் பத்து வருஷத்துக்கு முன்னால் நாங்கள் செய்தோம். எங்க கூலியை அவன் குறைத்துவிட்டான் என்கிறார்கள். குறைத்தவன் கம்பெனிக்காரன். கூலியைக் குறைக்கிறவனை விட்டுவிட்டுக் கூலி வாங்குகிறவனிடம் ஆதார் கேட்கிற வேலையை நமக்கு யார் கொடுத்தது?

தலையில் தண்ணீர்க் குடத்தை வைத்து நடக்கச் சொன்னவர்கள்தான் கொடுக்கிறார்கள். அன்றைக்கு ஊர் எல்லையைக் காட்டச் சொன்னார்கள், இன்றைக்கு நாட்டு எல்லையைக் காக்கச் சொல்லுகிறார்கள். காத்தால் உள்ளே விடுவார்களா? 2016 ஜூனில் பாம்பூரில் செத்த சி.ஆர்.பி.எஃப். வீரர் ஒருவர் உத்தரப் பிரதேசம் பிரோசாபாத் மாவட்டத்துக்காரர், நட் என்கிற சாதி. உடல் ஊருக்கு வந்தபோது பொது நிலத்தில் எரிக்கக் கூடாது என்று மேல்சாதிக்காரர்கள் தடுத்தார்கள். அதிகாரிகள் வந்து பேசிய பிறகுதான் துளி இடம் கிடைத்தது. நாட்டெல்லைக்காக உயிரைக் கொடுத்தவனுக்குச் சுடுகாட்டு எல்லை திறக்கவில்லை.

தோழர்களே, இது வெறும் இலக்கிய விவகாரம் இல்லை என்பது புரிந்திருக்கும். நாம் எழுதாத கதையின் இடத்தில் அவர்கள் எழுதிய கதை வந்து உட்காருகிறது, நம்ம பசங்க அதன்படி நடக்கிறார்கள். பறவைக் கவிதைக்கு அந்தப் பையன்களை நிறுத்துகிற சக்தி கிடையாது. கராச்சியில் போகாதே என்று மறிக்கப்பட்டவன் உன் ஆள், தகரப்பெட்டியோடு தலைமன்னாரில் எண்ணிக் கொடுக்கப்பட்டவள் உன் ஆள், நீ பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினவன் அவர்களின் வழியில் வந்தவன் என்று சொல்லுகிற எழுத்துக்கு அந்தச் சக்தி உண்டு. அதற்கு முதல் வேலையாக, முகாமில் இருக்கிற தோட்டத்து ஜனங்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே பதிவு செய்ய வேண்டும். வயசானவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். சிப்காட் கொட்டகையில் இருக்கிற வங்காள, ஒரிசா ஜனங்களோடு உட்கார்ந்து அவர்கள் சாதியும் ஊரும் கேட்டு எழுத வேண்டும், மொழி தெரிந்தவர்கள் உதவ வேண்டும். சேரி இளைஞர் மன்றக் கூட்டங்களில் இதைப் படித்துக் காட்ட வேண்டும். ஆதார் கேட்கிற கூட்டத்தில் நம்ம பையன் ஒருத்தனும் நிற்கக் கூடாது என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் நாங்கள் நாலு பேர் கிளம்பியிருக்கிறோம். மற்ற ஊர்த் தோழர்கள் எழுதுங்கள்.